உலக ஞானப் பரீட்சை

ஒரு பிள்ளையாண்டானுக்கு உலகம் தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்க நம் பாட்டனார் காலத்தில் சுலபமான முறை ஒன்று இருந்தது. கையில் பையையும் சில்லறையையும் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். முற்றல் வெண்டைக்காயும் சொத்தைக் கத்தரிக்காயுமாக வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை எண்ணியும் பாராமல் அவன் திரும்பி வந்தால், "பையனுக்கு இன்னும் உலகம் தெரியவில்லை" என்று தீர்ப்பாகிவிடும். அதன் மேல் அப்பீல் கிடையாது. அன்று இராத்திரி அந்தக் கத்தரிக்காயை வீட்டிலுள்ள அத்தனை பேரும் தின்று தீர்க்க வேண்டியிருந்ததால், பரீட்சையின் முடிவு யாருக்கும் மறந்து போவதுமில்லை.

இப்போது உலகம் சந்தையைத் தாண்டி வெகு தூரம் பரவிவிட்டது. பரீட்சையும் அதற்குத் தகுந்தாற்போல் மாறிவிட்டது. கேள்வி ஒன்று, அதன் கீழே விடைகள் நான்கு, விடைக்கு ஒரு வட்டம். சரியான வட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்பினால் உலகம் தெரிந்தவர். பக்கத்து வட்டத்தை நிரப்பினால் தெரியாதவர். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி நடந்த 'குரூப் நான்கு' பரீட்சைக்கு மனுச் செய்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அப்போது அறிவிக்கப்பட்டிருந்த உத்தியோகங்கள் 7,301. கிராம நிர்வாக அதிகாரி, இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய அந்த உத்தியோகங்களில் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய முந்நூறு பேர் போட்டி என்று கணக்காகிறது. இருநூறு கேள்விகள், மூன்று மணி நேரம், முந்நூறு மார்க்கு. கேள்விக்கு 54 வினாடி. சரியான வட்டத்துக்கு ஒன்றரை மார்க்கு.

அந்த ஒன்றரை மார்க்கு சாமானியமான சங்கதி அல்ல. நம் தமக்கையின் மகள், நமக்கு மருமகள் முறையானவள், இரண்டு வருஷமாக நம் வீட்டில் தங்கி இந்தப் பரீட்சைகளுக்குப் படித்து வருகிறாள். ரசாயன சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவள். ஊரில் அவளுடைய தகப்பனாருக்குச் சிறு மளிகைக் கடை. "இருபத்தாறு வயதாகிறது, இன்னும் எத்தனை நாள்தான் படிப்பாள்?" என்று ஊரில் நாலு பேர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சென்ற முறை அவள் எழுதிய ஒரு பரீட்சையில், உத்தியோகத்துக்கு அழைக்கப்பட்டவர்களின் கடைசி மார்க்குக்கும் அவளுடைய மார்க்குக்கும் இருந்த வித்தியாசம் சரியாக ஒன்றரை. ஒரே ஒரு வட்டம்! அது இன்ன கேள்வி என்றுகூட அவள் நிச்சயமாகச் சொல்லுகிறாள். ஏதோ ஒரு சர்வதேச மகாநாடு எந்த நகரத்தில் கூடியது என்பது கேள்வி. அந்த நகரத்தின் பெயரை நம் வீட்டில் இப்போது யாரும் உச்சரிப்பதில்லை.

ஆகவே, "இதெல்லாம் வெறும் மனப்பாடம், இதில் என்ன ஞானம் இருக்கிறது?" என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லிவிட நமக்குத் துணிச்சல் வருவதில்லை. பரீட்சை இல்லாத காலத்தில் என்ன இருந்தது என்றால், சிபாரிசு இருந்தது. யாருடைய மைத்துனர், யாருக்கு வேண்டியவர் என்ற கேள்விகளுக்குச் சரியான விடை சொன்னவர்களுக்கு உத்தியோகம் கிடைத்தது. கறுப்பு வட்டத்துக்கு மைத்துனர் கிடையாது. மளிகைக் கடைக்காரர் மகளின் விடைத்தாளும் மந்திரி மகளின் விடைத்தாளும் ஒரே யந்திரத்துக்குள் நுழைந்து வெளியே வருகின்றன. 1929-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டபோது, இந்திய மாகாணங்களில் அதுதான் முதலாவது. அந்தப் பெருமை நமக்கு உண்டு.

ஆனால் கேள்வி கேட்கிறவர் யார் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயந்தான். ஐ.சி.எஸ். பரீட்சை 1855-ஆம் ஆண்டில் லண்டன் பட்டணத்தில் ஆரம்பமாயிற்று. இந்தியாவை ஆளப் போகிறவர்களைப் பொறுக்கி எடுப்பதற்கு ஏற்பட்ட அந்தப் பரீட்சையில் கிரேக்க பாஷைக்கும் லத்தீனுக்கும் தனித்தனியே 750 மார்க்கு. சம்ஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் அதில் பாதி. தமிழைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்த நிலைமையிலும் 1863-இல் ஸத்யேந்திரநாத தாகூர் கப்பலேறிப் போய்த் தேறினார். 1920-இல் சுபாஷ் சந்திர போஸ் நான்காவதாகத் தேறி, மறு வருஷமே அந்த உத்தியோகம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பரீட்சை இந்தியாவிலும் நடக்க ஆரம்பித்தது 1922-இல். அந்நியர் கேட்ட கேள்விகளுக்கு அவர்களுடைய உலகத்தைப் படித்துப் பதில் சொன்ன தேசம் இது. இப்போது கேள்வித்தாளைத் தயாரிப்பவர்கள் நம்மவர்கள். ஆகையால் கேள்வியைப் பற்றி நாம் கொஞ்சம் வாயைத் திறக்கலாம்.

மருமகளிடம் தடித்த நோட்டுப் புத்தகங்கள் நான்கு இருக்கின்றன. 'நடப்பு நிகழ்வுகள்' என்று மேலே சிவப்பு மையால் எழுதியிருக்கும். அவற்றைப் புரட்டினால் மூச்சுத் திணறுகிறது. தேதி, பெயர், எண்; மறுபடி தேதி, பெயர், எண். உலகமோ ஓர் இடத்தில் நிற்பதில்லை. 2014 ஜூன் 2-ந் தேதி தெலுங்கானா பிறந்தபோது நம் தேசத்து ராஜ்யங்கள் 29 ஆயின. 2019 அக்டோபர் 31-ந் தேதி ஜம்மு-காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களாகவே அது 28 ஆயிற்று. தமிழ்நாட்டில் ஜில்லாக்கள் 2019-இல் ஐந்து, 2020-இல் மயிலாடுதுறை ஒன்று என்று கூடி 38-இல் வந்து நிற்கின்றன. 2006 ஆகஸ்டு 24-ந் தேதி வரையில் கிரகமாக இருந்த புளூட்டோ மறுநாள் கிரகமாக இல்லை. அதற்கு முன் பரீட்சை எழுதியவர்கள் பாக்கியசாலிகள்.

இவற்றில் நமக்கு மிகவும் பிடித்தது கஜகஸ்தான் தேசத்தின் தலைநகரம். அதற்கு 1998 முதல் அஸ்தானா என்று பெயர். 2019 மார்ச்சு மாதத்தில் நூர்-சுல்தான் என்று மாற்றினார்கள். விழுந்து விழுந்து படிக்கிற பிள்ளைகள் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதிக்கொண்டார்கள். 2022 செப்டம்பரில் மறுபடியும் அஸ்தானாவே ஆயிற்று. ஆக, அந்த மூன்றரை வருஷமும் புத்தகத்தைத் தொடாமல் தூங்கினவன் கடைசியில் சரியான விடையுடன் விழித்துக்கொண்டான். மருமகளின் நோட்டில் அந்த இடத்தில் அடித்ததும் திருத்தியதுமாகக் காகிதம் கிழிந்தே போயிருக்கிறது.

சென்ற கோடையில் ஒரு மாலை, "மாமா, நீங்கள் கேள்வி கேளுங்கள், நான் சொல்லுகிறேன்" என்று நோட்டை நம்மிடம் நீட்டினாள். சந்திரயானில் ஆரம்பித்தோம். சந்திரயான்-3 சந்திரனில் இறங்கிய தேதி? 2023 ஆகஸ்டு 23. நேரம்? மாலை 6 மணி 4 நிமிஷம். திட்ட இயக்குநர்? வீரமுத்துவேல். ஊர்? விழுப்புரம். இறங்கிய கலம் விக்ரம். ஊர்ந்த வண்டி பிரக்ஞான். மெதுவாக இறக்கிய தேசங்களில் நாம் நான்காவது. தென் துருவத்தின் அருகே முதலாவது. ஒரு பிசகு கிடையாது. பொரி கொட்டுவது போல் கொட்டினாள்.

"சரி, அம்மா, அது ஏன் ஆகஸ்டு 23-ந் தேதி இறங்கிற்று? புறப்பட்டது ஜூலை 14. அவசரப்பட்டு ஆகஸ்டு 10-ந் தேதியே இறங்கியிருக்கக்கூடாதா?" என்று கேட்டோம்.

அவள் சற்று நேரம் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, அதையெல்லாம் கேட்கமாட்டார்கள்" என்றாள்.

இந்தப் பதில் நம்மை வெகுநேரம் யோசனையில் ஆழ்த்திவிட்டது. அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கேட்கப்படாத கேள்வியில் எவ்வளவு ரஸம் இருக்கிறது என்று பாருங்கள். சந்திரனில் ஒரு பகல் என்பது நமக்கு ஏறக்குறைய 14 நாள். இரவும் அப்படியே. விக்ரமும் பிரக்ஞானும் சூரிய வெளிச்சத்தில் உயிர் வாழ்கிறவை. சந்திரனின் இராக் குளிரைத் தாங்குவதற்கு ஏற்பட்டவை அல்ல. ஆகவே அந்த இடத்தில் பொழுது விடிகிற சமயம் பார்த்துப் போய் இறங்கினால்தான் ஒரு முழுப் பகலும் வேலை செய்யலாம். ஆகஸ்டு 23 அங்கே விடியற்காலை. நம் ஊர்க் குடியானவர் ஏர் பூட்டுவதற்குப் பார்க்கிற நேரத்தைத்தான் பெங்களூர் விஞ்ஞானிகளும் பார்த்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் பொழுது சாயத் தொடங்கியதும் வண்டியையும் கலத்தையும் தூங்க வைத்துவிட்டார்கள்.

அதோடு இன்னொன்றும் சொன்னோம். சந்திரனுடைய மேட்டு நிலத்து மண்ணைப் போன்ற மண் பரிசோதனைக்கு வேண்டியிருந்தபோது, நாமக்கல் ஜில்லா சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறைதான் உதவிற்று. 'அனார்த்தசைட்' என்னும் அந்தப் பாறையைப் பொடி செய்து பரப்பி, அதன் மேல்தான் சந்திரனுக்குப் போகிற கருவிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். "சித்தம்பூண்டியா? திருச்செங்கோட்டில் இருக்கும் என் சிநேகிதியின் வீட்டுக்கு அந்தப் பக்கந்தான் போக வேண்டும்!" என்று மருமகள் குதித்து எழுந்தாள். ரசாயனம் படித்தவள் அல்லவா? அந்தப் பாறையில் என்னென்ன தாதுக்கள் இருக்கின்றன என்று அன்று இராத்திரி கைபேசியில் தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் தானாக, மார்க்குக்காக அல்லாமல், ஒரு விஷயத்தைப் படித்ததை அன்றுதான் நாம் பார்த்தோம்.

மறுநாள் காலையில் அவளுடைய ஆட்சேபம் வந்தது. "மாமா, நீங்கள் சொன்னதெல்லாம் நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. எனக்கு 54 வினாடிதான் உண்டு" என்றாள்.

நியாயமான ஆட்சேபந்தான். ஆனாலும் 2011-இல் நடந்த ஒன்றை அவளுக்கு எடுத்துச் சொன்னோம். 'கோன் பனேகா கரோர்பதி' என்னும் டெலிவிஷன் போட்டியில் அந்த வருஷம் பீகார் ராஜ்யத்து மோதிஹாரியிலிருந்து வந்த சுசீல் குமார் என்பவர் ஐந்து கோடி ரூபாய் ஜயித்தார். கிராம வேலைத் திட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவந்த இளைஞர். கடைசிக் கேள்வி, 1868-இல் நிக்கோபார் தீவுகளின் உரிமையைப் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போன ஐரோப்பிய தேசம் எது என்பது. விடை, டென்மார்க். இந்த விடையை யாராவது நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருப்பார்களா? ஆனால் தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா போன ஒரு குழந்தை, அங்கே 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்திருக்கும். 1845-இல் அதையும் அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்று உபாத்தியாயர் சொல்லியிருந்தால், 'தரங்கம்பாடியை விற்றவர்களே தீவையும் விற்றிருப்பார்கள்' என்று ஊகிக்க 54 வினாடி தாராளமாகப் போதும்.

ஊகிப்பதற்கு ஒரு விஷயத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நூல் ஓட வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் அந்த நூல் கிடையாது. இதை நமக்கு நன்றாக உணர்த்தியவர் எண்பத்திரண்டு வயதான நம் தாயார். 2022-ஆம் வருஷம் வைகாசி மாதம். எண்ணெய் விலை ஏறிக் கிடந்தது. தாயார் தினசரிப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "உக்ரேனில் சண்டை என்றால் நம் வீட்டில் ஏன் அப்பா அப்பளம் பொரியக்கூடாது?" என்று கேட்டார். உக்ரேனின் தலைநகரம் எது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் இதைவிடச் சிறந்த பொது அறிவுக் கேள்வியை எந்தக் கேள்வித்தாளிலும் நாம் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். நம் தேசம் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. அந்தச் சமயத்தில் நமக்குச் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரேனிலிருந்தும், மீதியில் பெரும்பாலும் ருஷ்யாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 24-ந் தேதி யுத்தம் மூண்டதும் கருங்கடல் துறைமுகங்கள் முடங்கின. சூரியகாந்தி கிடைக்காதவர்கள் எல்லாரும் பாமாயிலுக்குப் பாய்ந்தார்கள். உலகத்தில் பாமாயில் உற்பத்தியில் முதலாவது தேசம் இந்தோனேஷியா. அங்கேயும் விலை ஏறி ஜனங்கள் கூச்சல் போடவே, அந்தச் சர்க்கார் ஏப்ரல் 28-ந் தேதி ஏற்றுமதியையே நிறுத்திவிட்டார்கள். மே 23-ந் தேதிதான் மறுபடி திறந்தார்கள். இப்படியாகக் கருங்கடலில் விழுந்த குண்டின் அதிர்ச்சி, சுமத்ராவைச் சுற்றிக்கொண்டு, நம் வீட்டு வாணலியில் வந்து அடங்கிற்று. மருமகளின் மூன்றாவது நோட்டை எடுத்துப் பார்த்தோம். யுத்தம் ஒரு பக்கத்தில் இருந்தது. இந்தோனேஷியா ஏழு பக்கம் தள்ளி இருந்தது. இரண்டும் சம்பந்திகள் என்று அந்த நோட்டில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மருமகளின் படிப்பில் அவருக்கு அக்கறை அதிகம். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொது அறிவே கிடையாது" என்பது அவருடைய அபிப்பிராயம். ஒரு நாள் அவரிடமே ஒரு சிறு பரீட்சை வைத்துப் பார்த்தோம். கேள்வி நம்முடையதல்ல, ஹான்ஸ் ரோஸ்லிங் என்னும் ஸ்வீடன் தேசத்து வைத்தியர் தயாரித்தது. அவர் வாலிபத்தில், 1972-இல், பெங்களூருக்கு வந்தும் சில காலம் படித்தவர். 2017-இல் காலமானார், மறு வருஷம் அவருடைய புத்தகம் வெளியாயிற்று. உலக நிலைமையைப் பற்றிச் சில கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள். உதாரணமாக: தாழ்ந்த வருமானமுள்ள தேசங்களில் பெண் குழந்தைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் ஆரம்பப் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள்? 20? 40? 60?

தலைமை ஆசிரியர் ஒரு கணமும் தயங்காமல், "இருபது" என்றார்.

அந்தப் புத்தகத்தின்படி விடை அறுபது. இதற்காக அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. பதினான்கு தேசங்களில் சுமார் 12,000 பேரிடம் 2017-இல் இந்தக் கேள்விகள் கேட்கப்பட்டன. பெண் குழந்தைகளைப் பற்றிய கேள்விக்குப் பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. முதல் பன்னிரண்டு கேள்விகளில் சராசரியாகச் சரியாயிருந்தவை இரண்டே. மிருகக்காட்சிச் சாலையில் உள்ள மனிதக் குரங்குகளிடம் மூன்று வாழைப்பழங்களில் விடைகளை எழுதிப் போட்டால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால்கூடப் பன்னிரண்டுக்கு நான்கு சரியாயிருக்குமே என்று ரோஸ்லிங் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றும் தெரியாதவனுக்கு மூன்றில் ஒன்று தற்செயலாகக் கிடைக்கும். அதற்கும் கீழே போக வேண்டுமானால், தவறான விடையை நிச்சயமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்!

"ஸார், உங்கள் பள்ளிக்கூடத்திலே பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"எங்கள் பள்ளிக்கூடத்திலா? நான் உத்தியோகத்தை விடும்போது பையன்களைவிடப் பெண்கள்தான் ஜாஸ்தி. நன்றாகப் படிக்கிறவர்களும் அவர்கள்தான்" என்று பெருமையுடன் சொன்னார். முப்பத்தைந்து வருஷத்தில் தம்முடைய கண்ணெதிரே ஒரு பள்ளிக்கூடம் மாறியதைப் பார்த்தவர். மற்றத் தேசங்கள் மட்டும் தாம் வாலிபத்தில் பூகோளம் படித்தபோது இருந்தபடியே நின்றுகொண்டிருப்பதாக நினைத்துவிட்டார். கஜகஸ்தானின் தலைநகரம் மாறியதைப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போடுகின்றன. ஒரு குழந்தை கூடுதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் யார் போடுகிறார்கள்?

இந்த இடத்தில், நம் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தார் சில வருஷங்களுக்கு முன் செய்த ஒரு காரியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. நான்கு வட்டங்களுடன் ஐந்தாவதாக ஒரு வட்டம் சேர்த்தார்கள். அதன் பொருள், 'விடை தெரியவில்லை' என்பது. தெரியாவிட்டால் சும்மா விட்டுவிடக்கூடாது. தெரியவில்லை என்பதை மையால் நிரப்பிக் காட்ட வேண்டும். காலியாய் விட்ட வட்டத்தை வேறு யாரும் பிறகு நிரப்பிவிடாதபடி காப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடாயிருக்கலாம். காரணம் எதுவானால் என்ன? டீக்கடைப் பெஞ்சியிலும், கல்யாணப் பந்தலிலும், கைபேசியில் விடியற்காலையில் வந்து குவிகிற செய்திகளிலும் அந்த ஐந்தாவது வட்டத்தை நாம் பார்த்ததே இல்லை. ஆனால் மருமகளோ, "தப்பான விடைக்கு மார்க்குக் குறைப்பதில்லை, மாமா. அப்படியிருக்க அந்த வட்டத்தை எந்தப் பைத்தியம் நிரப்பும்?" என்று கேட்கிறாள். இதற்கு நம்மிடம் பதில் இல்லை.

சித்தம்பூண்டிப் பாறைக்குப் பிறகு அவளுடைய நோட்டில் ஒரு மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் கோடு கிழித்து, 'ஏன்?' என்று ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அதை நிரப்ப நேரம் இல்லை. நாளைக்கு ஒன்றோ இரண்டோதான். பெண்களுக்குச் சட்டசபைகளில் மூன்றில் ஓர் ஸ்தானம் ஒதுக்கும் சட்டம் அவற்றுள் ஒன்று. 2023 செப்டம்பரில் நிறைவேறிய அது அரசியல் சட்டத்தின் எத்தனையாவது திருத்தம் என்றால், 106 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். முதல் மசோதா 1996-இல் வந்தது என்பதும் தெரியும். "ஏன் இருபத்தேழு வருஷம்?" என்று பென்சிலில் எழுதியிருந்தாள். சட்டத்தின் வாசகத்தையும் தேடிப் படித்தாள். அது நிறைவேறியபோது இருந்தபடி, பிறகு நடக்கிற முதல் ஜனத்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதிகளைத் திருத்தி அமைத்த பின்னரே ஒதுக்கீடு அமுலுக்கு வரும் என்று கண்டாள். "எண் மட்டும் வந்துவிட்டது, நாற்காலி வரவில்லை" என்று ஓரத்தில் குறிப்பு எழுதிவிட்டாள். இந்த மாகாணத்தில் பெண்களுக்கு 1921-இலேயே வோட்டுரிமை வந்ததும், 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையின் உப தலைவராக இருந்ததும் அவளுக்குப் புதிய சமாசாரமாயிருந்தன. 'கேட்கமாட்டார்கள்' என்று அவள் இந்தத் தடவை சொல்லவில்லை.

போன வாரம் அவள் எடுத்துக்கொண்டது சூயஸ் கால்வாய். 1869-இல் திறந்தது, 1956-இல் எகிப்து தேசியமாக்கியது, 2021 மார்ச்சு 23-ந் தேதி 'எவர் கிவன்' என்னும் கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டது எல்லாம் பழைய நோட்டிலேயே இருந்தன. கப்பல் எந்தத் தேசத்தது என்பதில்தான் சங்கடம் வந்தது. சொந்தக்காரர் ஜப்பானியர். நடத்தியது தைவான் கம்பெனி. கொடி பனாமா தேசத்துக் கொடி. பராமரிப்பு ஜெர்மன் கம்பெனி. மாலுமிகள் இருபத்தைந்து பேரும் இந்தியர்கள். "நான்கு விடைகளில் நான்கும் சரியாயிருந்தால் எந்த வட்டத்தை நிரப்புவது, மாமா?" என்று சிரித்தாள்.

400 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் ஆறு நாள் அசையவில்லை. மணலைத் தோண்டினார்கள், இழுவைப் படகுகளைக் கட்டி இழுத்தார்கள். மார்ச்சு 28-ந் தேதி பங்குனி மாதப் பௌர்ணமி. அதையொட்டிக் கடல் பொங்கிற்று. தோண்டியவர்கள் உழைப்பும் பௌர்ணமி வெள்ளமும் சேர்ந்து 29-ந் தேதி கப்பலை மிதக்க விட்டன. சந்திரன் எப்போது எங்கே இருக்கிறான் என்று பார்க்க வேண்டிய அவசியம் சந்திரயானுக்கு மட்டும் இல்லை என்று சொன்னோம். இந்தச் சம்பந்தத்தில் நமக்கு ஏற்பட்ட உற்சாகத்தை அவள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தவள், "அந்த இருபத்தைந்து பேர் எப்போது வீட்டுக்குப் போனார்கள்?" என்று கேட்டாள்.

நோட்டில் இல்லை. அந்த மாதத்துப் பத்திரிகைகளிலும் கப்பல் மிதந்த செய்தியோடு படங்கள் நின்றுவிட்டன. இருவருமாக உட்கார்ந்து தேடினோம். கப்பல் விடுபட்டதும் ஊருக்குப் போகவில்லை. நஷ்ட ஈடு கேட்டு எகிப்து அதிகாரிகள் அதைக் கால்வாயின் நடுவே உள்ள பெரிய கசப்பு ஏரியில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆளில்லாமல் கப்பலை விட முடியாதாகையால் மாலுமிகளும் ஏரியிலேயே இருந்தார்கள். ஏப்ரல் போயிற்று, மே போயிற்று, ஜூன் போயிற்று. வழக்குத் தீர்ந்து 'எவர் கிவன்' நங்கூரம் எடுத்தது 2021 ஜூலை 7-ந் தேதி. மருமகள் அந்தத் தேதியைப் பென்சிலை வைத்துவிட்டு மையால் எழுதிக்கொண்டாள்.